வர்றேன் என்று சொன்னவன்

ஜனவரி 12

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதுவது.

நான் நலமாகத்தான் இருக்கிறேன். அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏறுகிறாளா, இல்லை ஏறாமலே ஏறியதாக உன்னிடம் சொல்கிறாளா? போனில் பேசினால் என்ன என்று அவள் கேட்டால், அவள் மகனின் பிழைப்பே அடுத்தவர் போனைக் கேட்பதுதான் என்று நினைவுபடுத்து. உன் சொந்தப் போனில் "ம்... சரி... ம்" என்பதைத் தாண்டி நீ ஒரு வார்த்தை பேசமாட்டாய். அதனால்தான் எனக்கு இந்தக் காகிதமும் தபால்தலையும்.

நான் வேலை செய்யும் இடத்தைப் பற்றிக் கேட்டிருந்தாய். துறைமுகத்துக்கு எதிரே, பழைய சரக்குக் கிடங்கின் மாடி. கடல் வழியாக ஆயுதம் கடத்துகிற கும்பலைப் பிடிக்க ஐந்து அரசாங்கங்கள் சேர்ந்து போட்ட கூட்டு அறை. ஐந்து நாட்டுக்காரர்களும் ஒரே நீள மேசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். கும்பலைப் பிடிப்பதில் ஒற்றுமைக்குக் குறைவில்லை. ஜன்னலைத் திறந்து வைப்பதா மூடி வைப்பதா என்பதில்தான் இன்னும் உடன்பாடு வரவில்லை. நம் பேச்சு தெரிந்தவள் நான் ஒருத்தி. விசாரணை என்றாலும் என்னைத்தான் மொழிபெயர்க்கக் கூப்பிடுகிறார்கள்.

நம் நாட்டின் சார்பில் இந்த அறைக்கு ஒரு அதிகாரி வரப்போகிறாராம். பட்டியலில் முதலில் இருப்பது என் தம்பி என்று இந்தக் கூட்டு அறையின் தலைவி சொன்னார். நிஜமா, துரை? நிஜமானால் அம்மாவையும் கையோடு கூட்டிக்கொண்டு வா. தனியாகச் சமைத்துத் தனியாகச் சாப்பிட்டுச் சலித்துவிட்டது எனக்கு.

உன் பதிலுக்காகத் தபால்காரரை முறைத்துக்கொண்டிருக்கும்,
அக்கா

*

பிப்ரவரி 2

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லாரும் நலம். அம்மா பாதிப்படியில் உட்கார்ந்து காற்று வாங்குவதாகச் சொல்கிறாள். மூட்டு வலிக்கு அவள் வைத்திருக்கும் பெயர் அது. உன் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். "துரை" வந்த இடத்தில் சிரித்தாள்.

பட்டியல் விஷயம் நிஜம்தான். போன மாதம் பிடித்த ஆயுதப் படகுதான் காரணம். தரகன் ஒருவனின் போனைக் கேட்டுத் தகவல் கொடுத்தது எங்கள் அலுவலகம். நடுக்கடலில் மடக்கியது பக்கத்து நாட்டுக் காவல் படகு. என்ஜினைப் பார்த்துக்கொண்டவன் மட்டும் இருட்டில் நீந்தித் தப்பிவிட்டான். அவனையும் பிடித்தாயிற்று. படகு மெக்கானிக். உங்கள் ஊரில் ஏதோ என்ஜின் பழுது பார்க்க வந்த இடத்தில் உங்கள் ஆட்கள் அமுக்கிவிட்டார்கள். அவனை எங்களிடம் ஒப்படைக்கும் விசாரணைக்கு உன்னைத்தான் கூப்பிடுவார்கள்.

கூட்டு அறை வந்தபிறகு வேலை பறக்கிறது, அக்கா. ஒரு நாடு சரிபார்த்துக் கையெழுத்திட்ட மொழிபெயர்ப்பை மற்ற நாலும் கேள்வி கேட்காமல் ஏற்கவேண்டும், அதுவும் அன்றைக்கே அனுப்பவேண்டும் என்பது விதி. முன்பெல்லாம் காகிதம் நகர்வதற்குள் படகு போய்ச் சேர்ந்துவிடும். இப்போது கம்ப்யூட்டரே மொழிபெயர்க்கிறது. எங்கள் ஆள் ஒருவர் பார்த்துக் கையெழுத்துப் போட்டால் முடிந்தது.

தரைத்தளத்தில் ஒரு வீடு பார்த்து வை. அம்மாவுக்குப் படி ஆகாது.

என்றும் உன் அன்புத்
தம்பி

*

பிப்ரவரி 20

அன்புத் தம்பிக்கு,

நீயும் அம்மாவும் சுகம்தானே? எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை, மனசுதான் கொதிக்கிறது.

உங்கள் மெக்கானிக்கைப் பார்த்தேன். விசாரணை திறந்த அறையில் நடந்தது, அதனால் ரகசியத்தை எழுதிவிட்டேன் என்று குதிக்காதே. ஒல்லியான ஆள், நகக்கண்ணில் கிரீஸ். அவனுக்கு எதிராக இருப்பது ஒரே ஒரு போன் பேச்சு. உங்கள் அலுவலகம் அனுப்பியதைத்தான் வாசித்தார்கள். நாளை விடியற்காலை படகு கிளம்புகிறது, என்ஜினுக்கு ஆள் வேண்டும் என்கிறான் தரகன். குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்கிறான் இவன். யோசித்துப் பார் என்கிறான் அவன். "சரி அண்ணா, நான் வருகிறேன்" என்று முடிகிறது. ஒப்புக்கொண்டான், படகில் ஏறினான், தீர்ந்தது வழக்கு.

நீதிபதி அவனைக் கேட்டார். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"ஐயா, நான் வர்றேன்னுதான் சொன்னேன். வர்றேன்னு சொல்லலை."

இதை நான் மொழிபெயர்க்க வேண்டும், தம்பி! அவர்கள் மொழியில் என் வாயிலிருந்து வந்தது இதுதான்: வருவேன் என்று சொன்னேன், வருவேன் என்று சொல்லவில்லை. அறையே சிரித்தது. அவன் என் முகத்தைப் பார்த்தான். நான்தான் ஏதோ சொதப்பிவிட்டேன் என்று நினைத்திருப்பான்.

விளக்க அனுமதி கேட்டேன். எங்களில் யாரும் கிளம்பும்போது போகிறேன் என்று சொல்வதில்லை, வர்றேன் என்றுதான் சொல்வோம், போனை வைக்கும்போதும் அப்படித்தான் என்றேன். "போகிறவன் வருகிறேன் என்பானா?" என்று நீதிபதி கேட்டார். ஆமாம் என்றேன். "அப்படியானால் வருகிறவன்?" அவனும் வருகிறேன் என்பான் என்றேன். மறுபடி சிரிப்பு. ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டுங்கள் என்றேன். கையெழுத்திட்ட மொழிபெயர்ப்பு இருக்கும்போது விதிப்படி தேவையில்லை என்று வாயை அடைத்துவிட்டார்கள்.

சிரித்தவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. நம் பேச்சு அவர்களுக்குத் தெரியாது. ஆனால் அதைச் சரிபார்த்த மகராசன் நம் ஆள்தானே? அந்த முட்டாள் ஒரு நாளாவது பெற்றவளிடம் வர்றேன் சொல்லிவிட்டு வீட்டைவிட்டுக் கிளம்பியிருக்கமாட்டானா? உன் அலுவலகத்தில் யார் அவன் என்று கண்டுபிடி. நான் சொன்னதாகத் தலையில் ஒரு குட்டு வை. பிறகு திருத்தி அனுப்பச் சொல்.

அம்மாவுக்கு என் அன்பைச் சொல்.
அக்கா

*

மார்ச் 15

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அம்மாவுக்குப் புதுத் தைலம் வாங்கிக் கொடுத்தேன். குளியலறைக் குழாய் ஒழுகுகிறது, ஆள் வரச் சொல்லியிருக்கிறேன்.

அலுவலக விஷயங்களைக் கடிதத்தில் எழுதவேண்டாம். தரகன் யாரோ தெரியாதவனுக்கா போன் பண்ணுவான்? படகு கிளம்பிய அன்று அந்த மெக்கானிக் வீட்டில்தான் இருந்தான் என்பதற்கு இவன் மனைவியைத் தவிர சாட்சி இல்லை. யார் கையெழுத்து என்பதெல்லாம் இப்போது முக்கியமில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.
தம்பி

*

மார்ச் 27

அன்புத் தம்பிக்கு,

நலமா? உன் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், பின்பக்கம் ஏதாவது எழுதியிருக்கிறாயா என்று. குழாய் ஒழுகுவதை எழுத ஒரு தபால்தலையா?

இங்கே நடந்ததைக் கேள். விசாரணையில் நான் மொழிபெயர்த்ததை எழுத்தில் கொடுத்துக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். "விடைபெறும்போது சொல்லும் சொல்" என்று எழுதினேன். உங்கள் அலுவலகம் அனுப்பியதோடு ஒத்துப்போகவில்லை, "வருகிறேன்" என்றே எழுது என்றார் தலைவி. மாட்டேன் என்றேன். அவர் கெட்டவர் இல்லை, தம்பி. "ஐந்து நாடுகளை ஒரு மேசையில் உட்காரவைக்க நான் பட்ட பாடு உனக்குத் தெரியாது. ஒரு சொல்லுக்காக இதை உடைக்கிறாயே" என்று தலையில் கைவைத்துக்கொண்டார். உடைப்பவள் நானில்லை, ஒருவர் தப்பை இன்னொருவர் பிடிப்பதற்குத்தானே ஒரே மேசையில் உட்கார்ந்தோம், ஒருவர் தப்புக்கு ஐந்து பேர் முத்திரை குத்துவதற்கா என்று கேட்டேன். சத்தமாகத்தான் கேட்டேன். அன்று மாலையே என் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள்.

போகட்டும். மருத்துவமனையில் நோயாளிகளுக்கு மொழிபெயர்க்கிற வேலை கிடைத்திருக்கிறது. வயிற்று வலியை வயிற்று வலி என்று சொன்னால் இங்கே யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

ஜூன் மாதம் அவனை ஒப்படைக்கப் போகிறார்கள். நம் நாட்டுச் சட்டத்தில் ஆயுதக் கடத்தலுக்கு ஆயுள் தண்டனை. அந்த முட்டாளுக்கு இது தெரியுமா? வீட்டில் உட்கார்ந்து நிம்மதியாகச் சாப்பிடுகிறானா? கண்டுபிடித்தாயா இல்லையா?

தரைத்தளத்தில் வீடு பார்த்துவிட்டேன். ஜன்னலைத் திறந்தால் மரம் தெரிகிறது. அம்மாவுக்குப் பிடிக்கும்.

அக்கா

*

ஏப்ரல் 25

தம்பி,

நலமா என்று இந்த முறை நிஜமாகவே கேட்கிறேன்.

ஒரு மாதமாகப் பதில் இல்லை. நேற்று அம்மாவோடு போனில் பேசினேன். "அவன் சரியாச் சாப்பிடறதே இல்லடி. தட்டைப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்கான். கேட்டா வேலைங்கறான்" என்றாள். பக்கத்தில் நீ இருந்தது எனக்குத் தெரியும். உன் மூச்சு கேட்டது.

அந்த ஆளைக் கண்டுபிடி என்று இரண்டு முறை சொல்லிவிட்டேன். ஊரில் ஒரு பூனை செத்தாலும் விசாரித்து எழுதுகிறவன் நீ. இதற்கு மட்டும் ஏன் வாயைத் திறக்கமாட்டேன் என்கிறாய்? அவனை உனக்குத் தெரியுமா? உன் நண்பனா?

எதுவாக இருந்தாலும் எழுது. என்னிடம் எழுதாமல் யாரிடம் எழுதப்போகிறாய்?

அக்கா

*

மே 6

அக்கா,

அந்த முட்டாள் நான்தான்.

இதை எழுதிவிட்டு எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். இனி மிச்சத்தை எழுதலாம்.

அன்றைக்கு மேசையில் மலை மாதிரிக் குவிந்து கிடந்தது. கம்ப்யூட்டர் மொழிபெயர்த்த பக்கங்களைப் பார்த்தேன். அது அவர்கள் மொழியில் இருந்தது. அந்த மொழியில் வாசிக்கும்போது "வருகிறேன்" என்றால் வருகிறேன்தான், அதில் சந்தேகப்பட ஒன்றும் இல்லை. நம் பேச்சில் அது என்னவாக இருந்திருக்கும் என்று யோசிக்கவே தோன்றவில்லை. ஒலிப்பதிவை நான் கேட்கவில்லை, அக்கா. கம்ப்யூட்டர் வந்தபிறகு யாருமே கேட்பதில்லை. பெரிய அதிகாரி தலைக்கு மேல் நின்றுகொண்டிருந்தார். கையெழுத்துப் போட்டேன்.

உன் பிப்ரவரிக் கடிதத்தைப் பேருந்தில் நின்றுகொண்டு படித்தேன். இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

இப்போது திருத்தினால் என்ன ஆகும் தெரியுமா? கூட்டு அறையின் முதல் வெற்றி என்று ஐந்து நாட்டிலும் கைகுலுக்கிக்கொண்ட வழக்கு இது. எங்கள் அலுவலகம் இதுவரை அனுப்பிய எல்லாவற்றையும் கிளறுவார்கள். அங்கே வரும் வேலை எனக்குக் கிடைக்காது. அந்த வீட்டில் அம்மா வந்து உட்காரமாட்டாள். நியமன உத்தரவு ஜூலையில் வந்துவிடும். அதுவரை நீ பேசாமல் இருந்தால், அங்கே வந்தபிறகு உள்ளே இருந்தபடியே ஏதாவது செய்யமுடியும் என்று நினைக்கிறேன்.

என்னைத் திட்டு. ஆனால் பதில் போடு.

தம்பி

*

மே 14

தம்பி,

அம்மாவும் நீயும் நலம் என்றே நினைத்துக்கொள்கிறேன்.

திட்டச் சொன்னாய். ஏற்கெனவே இரண்டு கடிதத்தில் முன்பணமாகத் திட்டியாயிற்று, அதையே வைத்துக்கொள். நீ என்று தெரிந்திருந்தால் இன்னும் நன்றாகத் திட்டியிருப்பேன்.

ஜூலை வரை பேசாதே என்கிறாய். ஜூனில் அவனைக் கொண்டுபோய்விடுவார்கள். ஜூலையில் நீ இங்கே வந்து உட்கார்ந்து உள்ளே இருந்தபடியே என்ன கிழிக்கப்போகிறாய்? அப்போது ஜெயிலுக்கு உள்ளே இருக்கப்போகிறவன் அவன்தான். சப்பைக்கட்டு கட்டாதே. உனக்கு அது வராது, சின்ன வயதிலிருந்தே வராது.

உன்னோடும் அம்மாவோடும் ஒரே வீட்டில் இருக்க எனக்கு ஆசை இல்லையா? படுக்கும்போதெல்லாம் அந்த வீட்டில் யாருக்கு எந்த அறை என்று பிரித்துப் பார்த்திருக்கிறேன். இன்று காலை வீட்டுக்காரரிடம் போய் வீடு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டு வரும் வழியில் தெருவிலேயே அழுதேன், பார்க்கிறவர்கள் பார்க்கட்டும் என்று. இன்னொருத்தியின் புருஷனை ஜெயிலில் போட்டுவிட்டு அந்த ஜன்னல் வழியாக மரம் பார்க்க என்னால் ஆகாது. உன்னாலும் ஆகாது. ஆகுமானால் தட்டைப் பார்த்துக்கொண்டு ஏன் உட்கார்ந்திருக்கிறாய்?

நான் சொல்வதையும் நம்பாதே. நாளைக்கு அலுவலகம் போனதும் அந்த ஒலிப்பதிவைக் கேள். நீ கேட்டு, அவன் நிஜமாகவே வருவதாகத்தான் சொன்னான் என்று உனக்குப் பட்டால், நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

நீ என்ன செய்தாலும் நான் உன் அக்காதான். அதை வைத்து ஏமாற்றலாம் என்று மட்டும் பார்க்காதே.

அக்கா

*

மே 29

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மா நலம். நான் நேற்றிலிருந்து ஒழுங்காகச் சாப்பிடுகிறேன்.

கேட்டேன். பின்னால் குழந்தை இருமி இருமி அழுகிறது. பெண் குரல் ஒன்று, "போனை வைங்க, தூக்கிக்கிட்டு ஓடணும்" என்கிறது. தரகன் இன்னும் பேசிக்கொண்டே இருக்கிறான். இவன் அவனைப் பேசவிடாமல், "சரிண்ணே... சரிண்ணே... வர்றேன்" என்று சொல்லிக்கொண்டே வைத்துவிடுகிறான். நம் பேச்சு தெரிந்த எந்தக் குழந்தையும் சொல்லும், அது தொல்லை விட்டால் போதும் என்று வைக்கிற வர்றேன். கையெழுத்துப் போட்ட கையை என்ன செய்வது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

அதோடு நிறுத்தவில்லை. தரகனின் அடுத்த போனையும் கேட்டேன். அதையும் நான்தான் கேட்காமல் அனுப்பியிருந்தேன். வேறு ஒரு ஆள், கரகரத்த குரல். "எங்க நிக்கணும்ணே? சரி, வந்துடறேன்" என்கிறான். வந்துடறேன், அக்கா! யாரும் இதைச் சொல்லிப் போனை வைக்கமாட்டார்கள், வருகிறவன்தான் சொல்வான். கம்ப்யூட்டர் இரண்டையும் ஒரே மாதிரி மொழிபெயர்த்திருக்கிறது. இரண்டாவது ஆளின் பெயர் தெரியாததால் யாரும் அவனைத் தேடவில்லை. ஒரு குற்றமும் செய்யாதவனைப் பிடித்துக் கைகுலுக்கிக்கொண்டிருந்தோம், செய்தவன் எங்கேயோ அடுத்த படகுக்கு என்ஜின் துடைத்துக்கொண்டிருக்கிறான்.

இரண்டையும் எழுதி, ஒலிப்பதிவையும் சேர்த்து, கூட்டு அறைக்கும் நீதிபதிக்கும் நேராக அனுப்பிவிட்டேன். பெரிய அதிகாரி, "யாரைக் கேட்டு அனுப்பின?" என்று கத்தினார். "யாரையும் கேக்கலை சார். அப்பவும் கேக்கலை, இப்பவும் கேக்கலை" என்றேன்.

நாம் அங்கே போகப்போவதில்லை என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். முழங்காலில் தைலத்தைத் தேய்த்துக்கொண்டாள். பிறகு, "அந்தப் புள்ளைக்கு இருமல் நின்னுச்சாமா?" என்று கேட்டாள்.

தம்பி

*

ஜூன் 20

அன்புத் தம்பிக்கு,

நலமா? மறுவிசாரணையில் வீடியோ திரையில் உன்னைப் பார்த்தபோது இளைத்துத் தெரிந்தாய். சட்டைக் காலரையாவது யாரும் சரிசெய்யக் கூடாதா?

நீ அந்தப் பக்கம் திரையில் இருந்தாய், அதனால் இந்தப் பக்கம் நடந்தது உனக்குத் தெரியாது. காலையில் தலைவியே மருத்துவமனைக்கு வந்து, அடையாள அட்டையை என் கையில் வைத்து, "வாருங்கள்" என்றார். பேசப்போகிற அதிகாரி என் தம்பி என்று நீதிபதியிடம் எழுந்து சொன்னேன். ஆட்சேபம் உண்டா என்று இரண்டு தரப்பையும் கேட்டார். இல்லை என்றார்கள்.

மொழிபெயர்க்கிறவர்களுக்கு ஒரு முறை உண்டு. பேசுகிறவன் "நான்" என்றால் நாங்களும் "நான்" என்றுதான் சொல்லவேண்டும். "அவர் சொல்கிறார்" என்று தள்ளி நிற்கக்கூடாது. இத்தனை வருடத்தில் எத்தனையோ பேருக்காக நான் என்று சொல்லியிருக்கிறேன், ஒன்றும் தோன்றியதில்லை.

இது அலுவலகத்தின் தவறா என்று உன்னை நீதிபதி கேட்டார். நீ சொன்னாய்: "அலுவலகத்துக்குக் காது கிடையாதுங்க. எனக்கு இருந்துச்சு. நான் கேக்கலை."

நான் அதைச் சொன்னேன், தம்பி. எனக்குக் காது இருந்தது, நான் கேட்கவில்லை என்று, ஐந்து நாட்டுக்காரர்கள் முன்னால், என் வாயால். பாதியில் தண்ணீர் கேட்டது அதனால்தான். அவமானமாக இருந்தது என்று நினைக்காதே. பெருமையாக இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் நான் அக்காவே இல்லை.

பிறகு இரண்டு பதிவுகளையும் போட்டார்கள். வார்த்தை புரியாவிட்டாலும் குழந்தை அழுவது எல்லாருக்கும் புரிந்தது. யாரும் சிரிக்கவில்லை. அவனை ஒப்படைக்கவேண்டியதில்லை என்று தீர்ப்பு. வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்த ஆபீசர்கிட்ட சொல்லுங்கக்கா" என்றான். என்ன சொல்லவேண்டும் என்று கேட்டேன். யோசித்தான். "எனக்கு அவர் மேல கோபம் இருக்கு. அதையும் சொல்லுங்க. நன்றியையும் சொல்லுங்க" என்றான். இரண்டையும் சொல்லிவிட்டேன்.

நீ அனுப்பிய இரண்டாவது பதிவை வைத்து மற்ற நாலு நாடும் அந்தக் கரகரத்த குரல்காரனைத் தேடத் தொடங்கிவிட்டன. தலைவி இரண்டு நாளாகத் தூங்கவில்லை. ஜன்னல் சண்டைக்கும் நேரமில்லை.

அம்மாவின் முழங்காலுக்கு என் பங்கு முத்தம்.
அக்கா

*

ஜூலை 18

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே அனைவரும் சௌக்கியம். நீ கொடுத்து அனுப்பிய முத்தத்தை அம்மா முழங்காலில் வாங்கமாட்டாளாம், கன்னத்தில்தான் வேண்டுமாம். நேரில் வந்து கொடு என்கிறாள். விடுமுறை கேட்டுப் பார்.

மெக்கானிக்கின் கோபத்தை வாங்கிக்கொண்டேன். அது நியாயம். நன்றியை மட்டும் அவனிடமே திருப்பிக் கொடுத்துவிடு.

அங்கே வரும் வேலை வேறொருவருக்குப் போய்விட்டது. வலிக்கிறது, இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். கரகரத்த குரல்காரனை மூன்றாவது நாட்டில் ஒரு படகுப் பட்டறையில் பிடித்துவிட்டார்கள். செய்தி வந்த அன்று பெரிய அதிகாரி என்னை ஏறிட்டுப் பார்க்கவில்லை. தண்டனையாக என்னை அதே மேசையில், அதே குவியலுக்கு முன்னால் விட்டுவைத்திருக்கிறார். முன்பைவிட உயரமான குவியல். களைத்துப்போய் நானாகவே ஓடிவிடுவேன் என்று கணக்குப் போடுகிறார் போலிருக்கிறது. கடையில் போய் ஒலிப்பதிவு கேட்க நல்லதாக ஒரு ஹெட்போன் வாங்கிக்கொண்டு வந்தேன்.

நேற்று ஒரு கட்டைக் கொண்டுவந்து மேசையில் போட்டுவிட்டுத் தலைக்கு மேல் நின்றார்.

"நாலு நாடும் காத்துக்கிட்டிருக்கு. ஆபீஸ்ல மத்த எல்லாரும் கையெழுத்துப் போட்டாச்சு. உன்னோடது மட்டும்தான் பாக்கி."

"கேட்டுட்டுப் போடறேன் சார்."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"அவங்க எவ்வளவு நேரம் பேசினாங்களோ, அவ்வளவு நேரம் ஆகும் சார்."

என்றும் உன்
தம்பி